பனிச்சறுக்குக்குப் போக நினைக்கும் குடும்பங்களுக்கு

பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தொழிற்சாலைக் குடும்பங்களுக்காக எழுதியது இது.

பனிச்சறுக்குக்கு எங்கே போவது என்பதற்கு முன்னால் எப்போது போவது என்பது முடிவாக வேண்டும். மேற்கு இமயமலையில் சறுக்குப் பலகை ஓடும் அளவுக்குப் பனி கிடப்பது டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. அதற்குள்ளும் ஓரளவு நம்பிப் பணம் கட்டக்கூடிய காலம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடியும் வரையிலான ஆறு வாரம்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் நீண்ட விடுமுறைகளோ இந்த ஆறு வாரத்தோடு ஒத்துப்போவதே இல்லை. அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கிப் புத்தாண்டோடு தீர்ந்துவிடும். அப்போது மலையில் பனி விழுந்திருக்கலாம், விழாமலும் இருக்கலாம். கோடை விடுமுறையில் போனால் காஷ்மீரின் குல்மார்க்கில் இருப்பது பச்சைப் புல்வெளி. பனியைத் தொட்டுப் பார்க்க ரோப்காரில் மேலே ஏறி, அங்கே மிஞ்சியிருக்கும் திட்டுகளைத் தேட வேண்டும். சுற்றுலா ஏஜெண்டுகள் மே மாதத்துக்கு விற்கும் ‘ஸ்னோ பேக்கேஜ்’ இந்தத் திட்டுகளைத்தான் குறிக்கிறது.

பொன்னேரிக்கு மழை கொண்டுவருவது வடகிழக்குப் பருவக்காற்று. காஷ்மீருக்கும் இமாசலத்துக்கும் பனி கொண்டுவருபவை மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகரும் சுழல்கள். வானிலைத் துறை இவற்றை மேற்கத்திய இடையூறுகள் என்று குறிப்பிடுகிறது. பருவமழை பொய்ப்பதைப் போல இவையும் பொய்க்கும். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பு நிறத்தில் கிடந்ததை நாடே செய்தியில் பார்த்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. தேசியப் போட்டிக்கே இந்தக் கதி என்றால், ஆறு மாதம் முன்பே தேதி குறித்துவிட்டுக் கிளம்பும் குடும்பத்துக்கு உத்தரவாதம் எங்கிருந்து வரும்? ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பும் அறை, தேதி மாற்றக்கூடிய டிக்கெட், பனி இல்லாவிட்டாலும் பார்க்க வேறு ஏதாவது உள்ள ஊர் ஆகிய மூன்றும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கிலேயே சேர வேண்டும்.

இந்த வட்டாரத்துக்குத் தோதான தேதி பொங்கல். ஜனவரி 14 அல்லது 15 முதல் மூன்று நான்கு நாள் விடுமுறை இருக்கிறது; அதோடு மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்பு (இ.எல்.) நாலைந்து நாளைச் சேர்த்தால் ஒரு பயணத்துக்குப் போதும். பண்டிகையை வீட்டில் கொண்டாடாமல் போவதா என்று பாட்டிமார் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வது அந்தந்த வீட்டின் பொறுப்பு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீடு அந்த ஆண்டு இந்த யோசனையையே விட்டுவிடலாம். செய்முறைத் தேர்வும் பொதுத் தேர்வும் பனிக்காலத்தின் மேல்தான் வந்து உட்காருகின்றன. கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு தேர்வு மண்டபத்துக்குப் போக யாரும் விரும்ப மாட்டார்கள்.

இந்தியாவில் குடும்பத்தோடு போய்க் கற்றுக்கொள்ளத் தகுந்த சரிவு, வாடகைக்குப் பலகை, சொல்லிக்கொடுக்க ஆள், தங்க அறை எல்லாம் பக்கம் பக்கமாக அமைந்த இடங்கள் அதிகம் இல்லை. காஷ்மீரில் குல்மார்க், உத்தரகாண்டில் ஔலி, இமாசலத்தில் மணாலியை அடுத்த சோலங் ஆகிய மூன்றையும் எடைபோட்டால் போதும். சிம்லா பக்கம் குஃப்ரி, நார்கண்டா என்று இரண்டு பெயர்கள் அடிபடும். குஃப்ரியில் குதிரை ஏறலாம், யாக் மாட்டின் மேல் உட்கார்ந்து படம் எடுக்கலாம்; சறுக்கக் கற்றுக்கொள்ள அது இடமல்ல. நார்கண்டாவில் சரிவு நல்ல சரிவுதான், பனிதான் சில ஆண்டுகள் வருவதில்லை.

மூன்றில் முதலிடம் குல்மார்க்குக்கு. ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர். ஊட்டிக்குப் போனவர்களுக்கு இந்த உயரம் எளிதில் புரியும்: தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதாவது குல்மார்க்கின் தரைமட்டமே தொட்டபெட்டாவின் உச்சிக்குச் சமம். ஊட்டி 11ஆம் அட்சரேகைப் பக்கம் இருப்பதால் அங்கே உறைபனியோடு நின்றுவிடுகிறது. குல்மார்க் 34ஆம் அட்சரேகையில் இருப்பதால் ஆள் உயரத்துக்குப் பனி குவிகிறது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் 1927இல் இங்கே இந்திய ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார்கள். விடுதலைக்குப் பின் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் ஸ்கீயிங், மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஒன்று இங்கேயே அமைந்தது. இன்றும் வகுப்புகள் நடத்துகிறது.

குல்மார்க்கின் பெரிய சொத்து கொண்டோலா என்னும் ரோப்கார். பிரெஞ்சு நிறுவனமான போமாவின் தொழில்நுட்பத்தில் அமைந்தது. முதல் கட்டம் குல்மார்க்கிலிருந்து 3,050 மீட்டரை ஒட்டியுள்ள கோங்டோரி வரை, 1998இல் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டம் அங்கிருந்து அஃபர்வத் மலைமேல் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை, 2005இல் வந்தது. உலகத்தின் உயரமான ரோப்கார்களில் ஒன்று என்று விளம்பரம் சொல்வது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். சறுக்கக் கற்கப்போகும் குடும்பத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மேலே உள்ள சரிவுகள் செங்குத்தானவை. இயந்திரம் கொண்டு சமன்படுத்தப்படாதவை. உலகெங்கும் இருந்து வரும் தேர்ந்த சறுக்கர்கள் தேடி வரும் இயற்கைப் பனி அது. பனிச்சரிவும் அங்கேதான் நிகழ்கிறது. 2023 பிப்ரவரி 1ஆம் தேதி அஃபர்வத்தில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். எல்லோருமே சறுக்குக் காவலர்கள் கண்காணிக்கும் எல்லைக்கு வெளியே போனவர்கள். கற்றுக்குட்டிகளுக்கு உரிய இடம் கீழே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மெல்லிய சரிவுகள். கொண்டோலாவில் ஏறவே தேவையில்லாமல், அறையிலிருந்து பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துபோகும் தூரத்தில் அவை இருக்கின்றன. குல்மார்க் முதலிடம் பெறுவது உயரத்தால் அல்ல, இந்தத் தாழ்வான புல்வெளியால்தான் என்பது விளம்பரத் தாள்களில் வருவதில்லை.

காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். 2017 ஜூன் 25 அன்று காற்றில் மரம் முறிந்து கம்பியின் மேல் விழுந்து, கொண்டோலாவில் ஏழு பேர் இறந்த விபத்து நினைவில் இருப்பவர்கள், ‘இன்று மூடல்’ என்ற பலகையைக் கண்டு சண்டைக்குப் போக மாட்டார்கள். டிக்கெட்டை ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கழகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும். வாசலில் நின்று ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்பவர்களிடம் பணம் கொடுப்பது வீண்.

குல்மார்க்குக்குப் போகும் வழியில் சங்கடங்கள் உண்டு, அவற்றை மறைத்துப் பயனில்லை. ஸ்ரீநகர் விமான நிலையம் பனி கொட்டினாலும் மூடுபனி இறங்கினாலும் நின்றுவிடும். ஸ்ரீநகரிலிருந்து வரும் டாக்ஸி, பனி நாளில் தங்மார்க்கோடு நின்றுகொள்ளும். அங்கிருந்து மேலே ஏறும் 13 கிலோமீட்டருக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். வெளிமாநிலத்து ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் ஒருவருக்காவது போஸ்ட்பெய்ட் இணைப்பு வேண்டும். 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பின் அரசு பல சுற்றுலா இடங்களை மூடி, பிறகு படிப்படியாகத் திறந்தது. எது திறந்திருக்கிறது, எது இல்லை என்பதை அரசு அறிவிப்பில் பார்ப்பதே சரி. ஏஜெண்டின் வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது. மறுபுறம், கத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே 2025 ஜூன் 6ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட வந்தே பாரத் ரயில், செனாப் பாலத்தின் வழியாகச் சுமார் மூன்று மணி நேரத்தில் பள்ளத்தாக்குக்குள் கொண்டுவிடுகிறது. விமானம் ரத்தானால் சாலையைத் தவிர வேறு வழியே இல்லை என்ற பழைய நிலைமை மாறியிருக்கிறது.

ஔலி அழகில் குல்மார்க்குக்குக் குறைந்ததல்ல. சரிவில் நின்றபடியே 7,816 மீட்டர் உயர நந்தாதேவியைப் பார்க்கலாம். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த சரிவு அது. கர்வால் மண்டல் விகாஸ் நிகாம் என்ற அரசு நிறுவனத்தின் விடுதியும் நாற்காலி லிஃப்டும் அங்கே உண்டு. கூட்டமும் குல்மார்க் அளவுக்கு இல்லை. சிக்கல் பாதையில். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை, கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல். ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்கு நான்கு கிலோமீட்டர் நீள ரோப்கார் இருந்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரின் நிலமே உள்வாங்கி நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் விட்டபோது அது நிறுத்தப்பட்டது. அது ஓடாத நாளில் சாலை வழிதான். பனி விழுந்தால் அந்தச் சாலையும் எல்லா வண்டிக்கும் ஆகாது. திருமணமாகாத இளைஞர்கள், பெரிய பிள்ளைகளோடு உள்ள பெற்றோர்கள் போகலாம். காரில் வாந்தி எடுக்கும் குழந்தையோ, முட்டிவலி உள்ள பெரியவரோ உடன் இருந்தால் ஔலி வேண்டாம்.

சோலங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையில் விற்கும் சிம்லா-குலு-மணாலி பேக்கேஜ்கள் எல்லாமே ‘ஸ்கீயிங் உண்டு’ என்று சொல்லி இங்கேதான் இறக்கிவிடுகின்றன. மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர். உயரம் சுமார் 2,500 மீட்டர். வழிநெடுக உள்ள கடைகளில் ஒன்றின் முன் வண்டி நிற்கும். எல்லோருக்கும் மேலங்கியும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு மாட்டிவிடுவார்கள். முந்தின நாள் அணிந்தவரின் ஈரம் உள்ளே இன்னும் காய்ந்திருக்காது. சரிவில் ஓர் ஆள் பிள்ளையின் காலில் பலகையைப் பூட்டி, கைக்கோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தபடி இழுத்துப்போவார். இருபதடி போனதும் நிறுத்தி, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுவார். திரும்பி இழுத்துவருவார். அத்தோடு ‘ஸ்கீயிங்’ முடிந்தது. அடுத்தது டயர் டியூபில் சறுக்கல், அதற்குத் தனிக் காசு. பிள்ளைகளுக்கு அதுவும் சந்தோஷம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குப் பெயர் பனிச்சறுக்கு அல்ல.

அதே மணாலியில் ஒழுங்காகக் கற்கவும் வழி உண்டு. அடல் பிகாரி வாஜ்பாய் பெயரில் இயங்கும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1961 முதல் அங்கே இருக்கிறது. குளிர்காலத்தில் சோலங்கில் சறுக்கு வகுப்புகள் நடத்துகிறது. சோலங்கை அடுத்த புருவா கிராமத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர் 2018 ஜனவரியில் துருக்கியில் வெண்கலம் வென்றபோது, அதுதான் சர்வதேசப் பனிச்சறுக்கில் இந்தியாவின் முதல் பதக்கம். இப்படிப்பட்ட கிராமங்களிலிருந்து வரும் பயிற்றுநர்கள் நடைபழகும் வயதிலேயே பலகையில் ஏறியவர்கள். ஒரு முழு நாளுக்கு ஒருவரை அமர்த்திக்கொண்டால் கூட்டத்திலிருந்து விலகிய சரிவுக்கு அவரே கூட்டிப்போவார். பனி விஷயத்தில் மட்டும் சோலங் சற்று நம்பகம் குறைந்தது. அங்கே இல்லாவிட்டால் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி சிசு, கோக்சர் பக்கம் போகலாம். உயரம் 3,000 மீட்டருக்கு மேல் என்பதால் பனி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கனத்த பனி விழும் நாளில் அதே வழி பொறியாகிவிடும். 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்களில் சோலங்குக்கும் சுரங்கப்பாதைக்கும் இடையே ஆயிரம் வண்டிகள் போல மாட்டிக்கொண்டு, போலீசார் இரவெல்லாம் மீட்க வேண்டியதாயிற்று.

மணாலியின் பலம், சறுக்காதவர்களுக்கும் அங்கே வேலை இருப்பது. வசிஷ்ட் வெந்நீர் ஊற்று, மால் ரோடு, ஹிடிம்பா கோயில், தேடினால் தோசை. ஊரின் உயரமும் 2,050 மீட்டர்தான், கொடைக்கானலைவிடக் கொஞ்சம் குறைவு. தாத்தா பாட்டி, கைக்குழந்தை, கல்லூரிப் பையன் என்று எட்டுப் பேராகக் கிளம்பும் கூட்டுக்குடும்பத்துக்குக் குல்மார்க்கைவிட மணாலி பொருந்தும். சறுக்கப் போகிறவர்களின் விருப்பத்தை வைத்தே இடம் முடிவாகிறது; நாள் முழுக்க அறைக்குள் அடைந்துகிடக்கப் போகிறவர்களை யாரும் கேட்பதில்லை. குடும்பச் சுற்றுலாக்கள் கசந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாக. வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினர் இருந்தால், துபாயில் மால் ஆஃப் தி எமிரேட்ஸ் கட்டடத்துக்குள் 2005 முதல் இயங்கும் ஸ்கீ துபாய் ஒரு நல்ல தொடக்கம்: ஆண்டு முழுவதும் பனி, 400 மீட்டர் வரை நீளும் சரிவு, வாடகைக்கு உடை, பயிற்றுநர், மே மாத விடுமுறைக்கும் ஒத்துவரும். ஸ்விட்சர்லாந்தில் உறவு உள்ளவர்கள் பிப்ரவரியில் போனால், அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளே பள்ளி முகாமில் கற்றதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எங்கும் போகாமல், குளிரைப் பிள்ளை தாங்குகிறதா, இழுப்பு வருகிறதா என்று மட்டும் பார்க்க ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. வளாகத்தின் பனி அரங்கு போதும். ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இடம் முடிவான பிறகு உடம்பு. பொன்னேரி ஏறத்தாழக் கடல்மட்டத்தில் இருக்கிறது. காலையில் சென்னையில் விமானம் ஏறி மாலையில் குல்மார்க்கில் இறங்கினால், அன்றிரவு தலைவலியும் தூக்கமின்மையும் பலருக்கு வரும். முதல் இரவை ஸ்ரீநகரில், 1,585 மீட்டரில் கழித்துவிட்டு மறுநாள் மேலே போவது நல்லது. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கொண்டோலாவின் இரண்டாம் கட்டத்தை மறந்துவிட வேண்டும். 3,950 மீட்டரில் மூச்சுத்திணறினால் கீழே இறங்குவதற்கே வரிசையில் நிற்க நேரிடும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை நாற்பது நாள் ‘சில்லாய் கலான்’ என்னும் கடுங்குளிர்க் காலம். பொங்கல் பயணம் அதற்குள்தான் விழும். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி போவது சாதாரணம். குழாய் உறைந்து, வெந்நீரை வாளியில் வாங்க வேண்டி வரும்.

குளிரைவிடப் பயப்பட வேண்டியது கரியமில வாயுவின் உறவான கார்பன் மோனாக்சைடு. ஜன்னல் கதவை இறுக்கி மூடி, கேஸ் ஹீட்டரோ கரி அடுப்போ எரியவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி காஷ்மீரிலும் இமாசலத்திலும் குளிர்காலம்தோறும் வருகிறது. நிறமோ மணமோ இல்லாத வாயு அது. உலை, பாய்லர் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ளவர்களுக்கு அவர்கள்தான் விளக்க வேண்டும். மின்சாரப் போர்வையோ, மைய வெப்பமூட்டலோ, புகைக்குழாய் வெளியே போகும் புகாரி அடுப்போ உள்ள அறையைக் கேட்டு வாங்க வேண்டும். விடுதியைத் தேர்வதில் வேறெந்த வசதியும் இதற்குப் பிறகுதான்.

உடுப்பில் பெரிய எதிரி பருத்தி. பனியனும் ஜீன்ஸும் ஈரத்தை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரை உள்ளே இழுக்கும். உடம்பை ஒட்டித் தெர்மல், அதன் மேல் கம்பளியோ ஃப்ளீஸோ, வெளியே தண்ணீர் புகாத மேலுடை என்பதுதான் எங்கும் உள்ள முறை. பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கறுப்புத் தோலுக்கும் வேண்டும்.

வாடகைக் கடையில்தான் அதிகக் கவனம் வேண்டும். சறுக்கு பூட்ஸ் என்பது பிளாஸ்டிக் ஓடு. உள்ளே ஒரே ஒரு மெல்லிய காலுறையோடு காலை விட்டு, நின்று, முட்டியை முன்னால் மடக்கிப் பார்க்க வேண்டும். குதிகால் தூக்கிக்கொள்ளாமல், முன்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தி நிற்க வேண்டும். விரல்கள் அசைய வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று காலுறை போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் அதிகமாகக் குளிரும். பலகையின் நீளம் புதியவருக்குத் தாடைவரை இருந்தால் போதும்.

அடுத்தது பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பிடி. நுனியை முன்னால் செருகிக் குதிகாலை அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். கீழே விழும்போது கால் முறுக்கிக்கொள்ளாமல், அந்தப் பிடி தானாக விட்டுக்கொடுக்க வேண்டும். எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை ஒரு சிறு திருகு தீர்மானிக்கிறது; அதன் பக்கத்துச் சாளரத்தில் எண் தெரியும். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், பழக்கம் ஆகியவற்றை வைத்து அந்த எண்ணை வைக்க வேண்டும். முந்தின ஆள் எண்பது கிலோ என்றால், அதே அமைப்பில் முப்பது கிலோ குழந்தையின் பலகை விழுந்தாலும் கழலாது. முட்டி ஜவ்வு கிழியும். நெரிசல் நேரத்தில் எடையைக் கேட்காமலே பலகையை நீட்டும் கடைகள் உண்டு. எடையைச் சொல்லி, திருகைத் தன் கண் முன்னால் திருப்பச் சொல்வது பிட்டர், வெல்டர், ஆபரேட்டர் யாருக்கும் கூச்சம் தரும் வேலையல்ல. சேஃப்டி ஷூவும் ஹெல்மெட்டும் இல்லாமல் கேட்டுக்குள்ளே விடாத சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள், பனியில் பிள்ளைக்கு ஹெல்மெட் கொடுக்காத கடையில் பலகை எடுக்கவே கூடாது.

கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? தொடர்ந்து மூன்று நாள் இல்லாமல் போவது பணத்துக்குக் கேடு. முதல் நாள் முழுக்க பூட்ஸில் நடப்பது, பக்கவாட்டில் படியேறுவது, விழுந்து எழுவது, நேராகச் சற்று வழுக்குவது. இரண்டாம் நாள் பலகைகளின் நுனிகளைச் சேர்த்துக் குதிப்பக்கத்தை விரித்து நிற்கப் பழகுவது. வேகத்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் இந்த வடிவில்தான். மூன்றாம் நாள்தான் திரும்புவது கைவந்து, சிறு லிஃப்டில் ஏறி இறங்கும் சுகம் கிடைக்கும். இரண்டு நாளோடு திரும்புபவர் கஷ்டத்தை மட்டும் அனுபவித்துவிட்டு வருகிறார். ஐந்து வயதிலிருந்து பிள்ளைகள் கற்கலாம். அவர்களுக்குத் தனிப் பயிற்றுநர் வைப்பது நல்லது, ஏனென்றால் அப்பாவைவிட அவர்கள் முந்திக்கொள்வார்கள். அம்மாவுக்கும் சேர்த்துத்தான் வகுப்பு பதிவு செய்ய வேண்டும். எல்லோருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு சரிவின் அடியில் நிற்கும் வேலை ஊரிலேயே அவருக்கு நிறைய இருக்கிறது.

செலவில் பெரும்பங்கு போக்குவரத்து. பொன்னேரி ஸ்டேஷனில் நிற்காமல் இரவில் பறந்துபோகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், சென்ட்ரலில் 10 மணிக்குக் கிளம்பி மூன்றாம் நாள் காலை புதுடில்லி சேர்கிறது. டில்லி வரை ரயில், டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானம் என்று பிரித்துக்கொண்டால் நான்கு பேர் குடும்பத்துக்கு மிச்சமாகும். ஜனவரியில் டில்லி மூடுபனியால் ரயிலும் தாமதமாகும், காலை விமானமும் தாமதமாகும். பிற்பகல் விமானமே சரி. மணாலிக்கு டில்லியிலிருந்து இரவுப் பேருந்து உண்டு, பன்னிரண்டிலிருந்து பதினான்கு மணி நேரம். திரும்பும் வழியில் ஒரு நாளைக் கட்டாயம் சும்மா விட்டுவைக்க வேண்டும். ஸ்ரீநகரில் விமானம் ரத்தானால், ரயிலைப் பிடிப்பதற்கும் அந்த ஒரு நாள் கைகொடுக்கும். மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக் காயத்துக்குப் பணம் உண்டா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். பல பாலிசிகள் அதை ஒதுக்கிவைத்திருக்கின்றன.

நான்கைந்து பேர் உள்ள, பொங்கலை ஒட்டி ஒரு வாரம் விடுப்பு கிடைக்கும் குடும்பத்துக்குக் குல்மார்க். முதியோரும் குழந்தைகளும் நிறைந்த பெரிய குடும்பத்துக்கு மணாலி. மே மாதத்தைத் தவிர வேறு வழியில்லாதவர்களுக்கு இந்தியாவில் பனிச்சறுக்கே கிடையாது. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் பயண நாளுக்கு அறுபது நாள் முன்புதான் திறக்கிறது. ஜனவரி 12ஆம் தேதி ரயிலுக்கு நவம்பர் 13 காலை 8 மணிக்குத் திறக்கும். விடுப்புச் சீட்டை அதற்கு முந்தின வாரமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.